முகத்துவாரம் வெட்டிய நேரம்

பெப்ரவரி 6

இன்றைக்கு எனக்கு எதிர்மேசையில் அப்புத்துரையின் மகளைக் கொண்டுவந்து இருத்தியிருக்கிறார்கள்.

வேறு ஆள் கிடைக்கவில்லையா இவர்களுக்கு? இந்த நாட்டில் கடலியல் படித்தவர்கள் எல்லோருமா செத்துப்போனார்கள்? பெயர் கௌசலா. தெற்கே எங்கோ படித்தாளாம், பிறகு நோர்வேயில் இரண்டு வருடமாம். தயாபரன் சேர் இந்த ஆய்வு நிலையத்துக்கே தலைவர், ஆனால் அறிமுகம் செய்யும்போது என் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இனி இவாதான் தரவுப் பகுதிக்குப் பொறுப்பு. பிரியந்தினி, நீங்கள் இவாவோட சேர்ந்து வேலை செய்யவேணும்."

நான் மரியநேசனின் மகள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கையை நீட்டினாள். நான் மேசை லாச்சிக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அவளுடைய அப்பா முகத்துவாரத்தை வெட்டினார். என்னுடைய அப்பா அந்த வெள்ளத்தில் போனார். இதில் கை குலுக்க என்ன இருக்கிறது?

பெப்ரவரி 7

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பெப்ரவரி 13

நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. களப்பில் நாங்கள் வைத்திருக்கும் கருவியின் தரவுகளை முறையாக, கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டுமாம். ஏப்ரலில் வழக்கு.

எழுதி வைக்கிறேன். கோபத்தில் எதையும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

மாரியில் எங்கள் களப்பு நிரம்பும். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கும் மணல்திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடும், அதுதான் முகத்துவாரம் வெட்டுவது. வயல்காரருக்கு அதைச் சுறுக்காக வெட்டவேண்டும், இல்லாவிட்டால் நெல் அழுகும். எங்களுக்கு இறால் வளரும்வரை மூடியிருக்கவேண்டும். ஒவ்வொரு வருடமும் இந்தச் சண்டைதான். போன டிசம்பரில் காலை ஆறு மணிக்கு வெட்டுவது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னம் வலைகளை எடுத்துவிடலாம் என்று அப்பா விடியப்புறம் போனார். என் கூடப்பிறந்த றொனால்ட் அண்ணாவும் அவரோடு போனார். ஆனால் வயல்காரரின் தலைவர் அப்புத்துரையும் அவருடைய கமக்காரர் அமைப்பும் சொன்ன நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. நடு இரவிலேயே மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து திருட்டுத்தனமாக வெட்டிவிட்டார்கள். அவர்கள் இறங்கும்போதே இருட்டில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்ததாம். "கையைப் பிடிச்சனான், நழுவிட்டுது" என்று செத்தவீட்டில் அண்ணா தலையில் அடித்து அழுததை நான் மறக்கமாட்டேன்.

நான் அந்தக் கிழமை முழுக்க வவுனியாவில் ஒரு பயிற்சியில் இருந்தேன்.

அவர்கள் இல்லை என்கிறார்கள். ஆறு மணிக்குத்தான் வெட்டினோம் என்கிறார்கள். அன்றைக்குக் கொட்டின மழையில் ஒரு அதிகாரியும் அங்கே வரவில்லை. ஆனால் களப்புக்குள் எங்கள் கருவி இருந்தது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கம்பத்தில் கட்டிய குழாய்க்குள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரின் உப்பையும் வெப்பத்தையும் ஆழத்தையும் பதிந்துகொண்டு. அந்த அட்டவணையில் தண்ணீர் இறங்கத் தொடங்கிய நேரம் பன்னிரண்டு நாற்பது. இரவு. அந்தத் தாளை எங்கள் கடற்றொழிலாளர் சங்கம் கேட்டு வாங்கிப் பொலிசில் கொடுத்தது. அப்புத்துரை இப்போது பிணையில் நிற்கிறார்.

அந்தத் தரவைத்தான் அவருடைய மகள் "ஒழுங்குபடுத்த"ப் போகிறாள்!

சேரிடம் போய்க் கத்தினேன். "எதிராளியின்ர மகளிட்டக் குடுத்து இதைச் செய்விக்கப் போறியளோ?" அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கோ. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொள்ளுங்கோ."

பார்ப்பேன். கண் வெட்டாமல் பார்ப்பேன்.

பெப்ரவரி 16

இதுவரை என் அட்டவணைகள் எல்லாம் எக்செல்லில் இருந்தன. அவளுக்கு அது போதாது. 'ஆர்' என்று ஒரு புள்ளிவிவர மென்பொருள், அதற்குள் கடலியலுக்கென்றே ஒரு பொதி, அதற்குள் 'சிடிடி' என்று ஒரு வகைப் பொருள். என் அட்டவணை நிரல்களை அந்தப் பொருளாக மாற்றவேண்டுமாம்.

"ஏன், இப்ப இருக்கிறதுக்கு என்ன குறை?"

"இது வெறும் எண். இருபத்தொன்பது எண்டு கிடக்கு. வெப்பமோ, உப்போ, ஆரோ ஒருத்தரின்ர வயசோ எண்டு எக்செல்லுக்குத் தெரியாது. அந்தப் பொருளுக்குள்ள போட்டா ஒவ்வொண்டுக்கும் அலகு, எந்த இடம், எந்தக் கருவி, எல்லாம் சேர்ந்து நிக்கும். பிறகு ஆரும் பிழையாய்ப் பாவிக்க ஏலாது."

ஆரும் பிழையாகப் பாவிக்க ஏலாது! அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள்.

பின்னேரம் வரை மாறவில்லை, பிழை பிழை என்றே வந்தது. நான் வைத்த நிரல் பெயர்கள் அதற்கு விளங்கவில்லை. கருவி வாசிக்காத இடங்களில் போட்டிருந்த மறை தொண்ணூற்றொன்பதை (-99) அது உண்மையான அளவு என்று எடுத்துக்கொண்டது. களப்புத் தண்ணீர் பனிக்கட்டியிலும் குளிராம். அதைச் சரிசெய்ததும் உப்பைக் காணவில்லை. உப்பைக் கணிக்கும் மின்கடத்துதிறனுக்கு அலகு சொல்லவில்லை என்றபடியால் கிணற்றுத் தண்ணீர் போல ஒரு கடலைக் காட்டியது. அவள் முகம் சிவந்ததைப் பார்க்க எனக்கு நல்ல சந்தோசம். மறை தொண்ணூற்றொன்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் மினக்கெட்டாள்.

பெப்ரவரி 17

மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பினாள். நான் திரும்ப என் பக்கம் திருப்பினேன். இப்படியே பின்னேரம் வரை.

பெப்ரவரி 22

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு கந்தோருக்குப் போனேன்.

இன்றைக்கு அவள் உண்மையான உருவத்தைக் காட்டிவிட்டாள்.

"இந்த நேர நிரலுக்கு நேரவலயம் என்ன?"

"என்ன வலயம்? இஞ்சத்தைய நேரம்தான்."

"அதை ஆர் சொன்னது? கருவிக்கு மணிக்கூடு வைச்சது ஆர்?"

"கருவியை வித்த கொம்பனிக்காரர். அதுக்கு?"

"அவை உலகப் பொதுநேரத்தில வைச்சிருந்தா அஞ்சரை மணித்தியாலம் கூட்டவேணும்."

அஞ்சரை. பன்னிரண்டு நாற்பதோடு அஞ்சரை. எனக்கு உடனே கணக்கு ஓடியது. காலை ஆறு பத்து! அவளுடைய அப்பா சொன்ன அதே ஆறு மணி! என்ன வசதி. படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா?

நான் எழும்பி நின்று கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. "உம்மட அப்பாவை வெளியில எடுக்க எங்கட அப்பா செத்த நேரத்தை மாத்தப் பாக்கிறீர்" என்று சொன்னது ஞாபகம். அவள் கணினியை மூடிவிட்டு வெளியே போய் வேலியடியில் நின்றாள்.

வீட்டுக்கு வந்து அண்ணாவிடம் சொன்னேன். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்: "மாத்த ஏலுமோ அப்பிடி?"

"அவள் நினைச்சா மாத்துவாள்."

அண்ணா ஊசியை வலையில் குத்திவிட்டு எழும்பிப் போனார். சாப்பிடவும் இல்லை.

பெப்ரவரி 24

அண்ணாவும் சங்கத்து ஆட்களும் கந்தோருக்கு வந்தார்கள். வாசலில் நின்று அவளைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்றா எழுதுவது? ஏசினார்கள். தூசணத்தில். அவள் கதவடிக்கு வந்து நின்று, முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள். சேர் பின்பக்கக் கதவால் போய்விட்டார்.

பின்னேரம் அவளுடைய ஸ்கூட்டியின் இரண்டு டயரும் வெட்டிக் கிடந்தன. உருட்டிக்கொண்டு போனாள். அவளைக் கடந்து பஸ்ஸில் போகும்போது நான் திரும்பிப் பார்த்தேன்.

சந்தோசமாகத்தான் இருந்தது. ஏன் பொய் எழுதவேண்டும்?

மார்ச் 2

அவள் பொலிசுக்குப் போகவில்லை. இரண்டாம் நாளே வேறு டயரோடு வந்தாள். ஒன்றும் நடவாததுபோல உட்கார்ந்து தட்டுகிறாள். பேச்சே இல்லை. இது எனக்கு ஏச்சை விட எரிச்சலாக இருக்கிறது.

நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். இந்த மென்பொருளை நானே படிக்கப்போகிறேன். அவள் செய்த மாற்றத்தை ஒரு வரி விடாமல் நானே திரும்பச் செய்து, எந்த வரியில் களவு இருக்கிறது என்று பிடித்து, நீதவானுக்கு முன்னால் வைப்பேன்.

மார்ச் 7

படித்துக்கொண்டிருக்கிறேன். நாசமாய்ப் போன அடைப்புக்குறிகள். ஒன்றை விட்டால் முழுக்க நிற்கிறது.

ஆனால் இன்றைக்கு உப்பு சரியாக வந்தது. அலகு சொன்னேன், வந்தது. வாசிக்காத இடங்களைக் காலியிடம் என்று சொன்னேன், விளங்கிக்கொண்டது. களப்பின் பெயர், கருவியின் இலக்கம், கம்பம் நிற்கும் இடம். நான் சொல்லச் சொல்ல அது வாங்கி வைத்துக்கொண்டது. கடைசியாக நேரவலயம். 'கொழும்பு' என்று கொடுத்தேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதானே.

நாளைக்கு வரைபடங்கள் போடவேண்டும். அவளுடையதற்குப் பக்கத்தில் என்னுடையதை வைத்துக் கேட்பேன்.

மார்ச் 8

பிழை. எங்கேயோ பிழை. என் கையில்தான் பிழையாக இருக்கவேண்டும்.

மார்ச் 9

பிழை இல்லை.

ஆறுதலாக எழுதுகிறேன். நேற்று முதலில் வெப்பத்தைத்தான் வரைந்தேன், சும்மா, கை பழக. ஜனவரிக் கடைசியின் நல்ல வெயில் நாட்கள். அலை அலையாக அழகாக வந்தது. ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகிறது. வடிவாகத்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது உச்சிகளின் கீழே நேரத்தைப் பார்த்தேன்.

காலை ஒன்பது மணி.

ஒவ்வொரு நாளும் களப்புத் தண்ணீர் காலை ஒன்பது மணிக்கு உச்சமாகச் சுடுகிறது. மத்தியானம் ஆறத் தொடங்கி, பின்னேரம் குளிர்ந்துவிடுகிறது.

இது எந்த ஊர்க் களப்பு? பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் இறங்கி விளையாடிய களப்பில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கால் வைக்க ஏலாமல் சுடும். காலை ஒன்பது மணிக்கு விறைக்கும். சூரியன் எங்கள் சண்டைக்காகத் தன் நேரத்தை மாற்றாது.

நிரலுக்கு உலகப் பொதுநேரம் என்று கொடுத்து, இலங்கை நேரத்தில் திரும்ப வரைந்தேன். உச்சி பின்னேரம் இரண்டரைக்கு வந்து நின்றது. எல்லா நாளும். மாதம் முழுவதும். கருவி வைத்த நாளிலிருந்து அப்படித்தான். நான்தான் எக்செல்லில் எண்களாக மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். நானும் சேரும் பொலிசும் எல்லோரும்.

பிறகு டிசம்பரைத் திறந்தேன். ஆழம் நேராகப் போய்க்கொண்டிருந்து, ஒரு இடத்தில் மடிந்து, விழுகிறது.

காலை ஆறு பத்து.

மார்ச் 10

கந்தோருக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

ஆறு பத்து என்றால் அண்ணா இருட்டில் பார்த்த வெள்ளம் எது?

மார்ச் 13

அவளிடம் கேட்டேன். மேசையைத் தட்டித்தான் கேட்டேன்.

"உமக்கு முதலே தெரியும், என்ன?"

"ஓம். வந்த கிழமையே. வெப்பத்தைப் பாத்தனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நேரவலயம் என்ன எண்டு கேட்டனான்தானே. நீர் சனத்தைக் கூட்டிக்கொண்டு வந்தீர்." ஏச்சுக் கேட்ட அன்றைக்கும் ஆடாத அவளுடைய குரல் இப்போது ஆடியது. "இதை நான் சொன்னா ஆர் நம்புவினம்? அப்புத்துரையின்ர மகள் சொன்னா? உம்மட கையால வந்தாத்தான் அது தரவு. என்ர கையால வந்தா அது களவு."

அப்படியென்றால் என்னைப் படிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் கோபத்தில் ஓடி ஓடி அவளுடைய அப்பாவுக்காக வேலை செய்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவளை நான் வெறுத்ததுபோல ஒருவரையும் வெறுத்ததில்லை.

அதோடு எனக்கு ஒன்று தோன்றியது. அதை அப்படியே அவள் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"சரி. ஆறு பத்து. அப்ப நிலம் வெளிச்சிட்டுது. இருட்டில வெட்டினதெண்டா ஒரு ஆளைத் தெரியாமல் போகலாம். வெளிச்சத்தில வெட்டினவைக்கு, தண்ணிக்குள்ள இடுப்பளவில நிண்ட என்ர அப்பாவைத் தெரியேல்லையோ? உம்மட அப்பாட்டக் கேளும்."

வெளுத்துப்போனாள்.

மார்ச் 14

அண்ணாவிடம் சொன்னேன். கடற்கரையில், எங்கள் மீன்வாடிக் கொட்டிலுக்குப் பின்னால், அம்மாவுக்குக் கேட்காத இடத்தில். தாளை விரித்து வெப்பத்தைக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை.

"நீ ஆரின்ர பிள்ளை?" என்றார். "அப்பாவைத் திண்டவங்களுக்கு வக்காலத்து வாங்கிறியோ? அவள் உன்னை மயக்கிப்போட்டாள். அந்தத் தாளைக் கிழிச்சுப்போடு."

"அண்ணா, நீங்கள் போகேக்க இருட்டு எண்டு சொன்னீங்கள்."

"ஓம் இருட்டுத்தான்."

"அப்ப தண்ணி ஓடியிராது."

"ஓடினது! நான் கண்டனான்!"

"வலை தூக்கிறது ரெண்டு பேர் வேலை. ரெண்டு பேரும் நிண்டிருந்தா ஆறு மணிக்கு முன்னம் எல்லாத்தையும் தூக்கிப்போட்டு வீட்டை வந்திருக்கலாம். அப்பா ஏன் ஆறு மணிக்குப் பிறகும் தண்ணிக்க நிண்டவர்? நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

அடிக்கக் கை ஓங்கினார். நான் அசையவில்லை. அந்தக் கை அப்படியே இறங்கியது. மணலில் குந்திவிட்டார். கடலைப் பார்த்துக்கொண்டு, எனக்குச் சொல்வதுபோல அல்ல, தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்.

"முதல் நாள் பெடியளோட குடிச்சது கூடிப்போச்சு. அப்பா ஜன்னலில தட்டினவர். எழும்பி வாடா எண்டவர். நீங்கள் போங்கோ, பின்னால வாறன் எண்டனான்."

பிறகு: "கண் முழிக்கேக்க வெளிச்சம். ஓடினனான்."

பிறகு: "கையைப் பிடிக்கேல்லை பிரியா. நான் அங்க நிக்கேல்லை."

நான் அவருக்குப் பக்கத்தில் இருக்கவும் இல்லை, தொடவும் இல்லை. அப்பா தனியாக, கொட்டுகிற மழையில், இரண்டு பேருடைய வலையை ஒரு ஆளாகத் தூக்கிக்கொண்டு, இப்ப வருவான் இப்ப வருவான் என்று பாதையைப் பார்த்துப் பார்த்து... ஐயோ. என்ன மனுசன் நீ. என்ன மகன். அதை மறைக்க எத்தனை பேரைக் கூட்டி எத்தனை பேரை ஏசினாய். என்னையும் சேர்த்து ஏசவிட்டாய்.

போகும்போது பின்னால் கேட்டது: "அம்மாட்டச் சொன்னியோ, நான் இந்தக் கடலுக்குள்ளயே போயிடுவன்."

மார்ச் 21

தயாபரன் சேரிடம் அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். மாற்றிய தரவு, அதை எப்படி மாற்றினேன் என்று வரி வரியாக, வெப்பத்தின் வரைபடம். கையெழுத்து என்னுடையது மட்டும். கௌசலா தன்னுடையதைப் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"யோசிச்சுத்தான் செய்யிறீங்களோ?" என்றார் சேர். "உங்கட ஊருக்குள்ள நீங்கள் இருக்கவேணுமெல்லோ."

ஏப்ரல் 7

பெரிய வெள்ளி. கோயிலில் அண்ணா ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் நின்றார். சிலுவையை முத்தமிட வரவில்லை. வீட்டுக்கு வரும்போது அம்மா கேட்டா: "உங்கள் ரெண்டு பேருக்கும் இடையில என்ன? ஒரு வீட்டுக்க இருந்துகொண்டு அந்நியர் மாதிரித் திரியிறீங்கள்."

"ஒண்டுமில்லை அம்மா."

"கொப்பர் இருந்தா இப்பிடி இருப்பியளோ?"

ஏப்ரல் 26

வழக்கு.

எங்கள் சங்கத்தின் சட்டத்தரணி என்னைக் கூண்டில் வைத்துக் கிழித்தார். நான் யாருடைய மகள் என்று கேட்டார். எதிராளியின் மகளோடு ஒரே அறையில் வேலை செய்கிறேனா என்று கேட்டார். எவ்வளவுக்கு விலைபோனேன் என்று கேட்கவில்லை, ஆனால் அப்படித்தான் பார்த்தார். நான் நீதவானைப் பார்த்தே பேசினேன். கருவியின் மணிக்கூடு எங்கள் மணிக்கூடு அல்ல என்றேன். வெப்பத்தைக் காட்டினேன். "காலமை ஒன்பது மணிக்குக் களப்பு உச்சமாய்ச் சுடாது, ஐயா." அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. எனக்குப் பின்னால் எங்கள் சனம் முணுமுணுத்தது. ஒரு பெண் "தேப்பனை வித்தவள்" என்று எனக்குக் கேட்கச் சொன்னாள்.

நான் இறங்கி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அதோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை.

அப்புத்துரை கை உயர்த்தினார். அவருடைய சட்டத்தரணி வேண்டாம் வேண்டாம் என்று அவர் கட்டியிருந்த சாறத்தை இழுத்து மறித்தார். கேட்கவில்லை. எழும்பிக் கூண்டுக்குப் போனார். மெலிந்த ஆள். நான் நினைத்து வைத்திருந்த அப்புத்துரை இன்னும் பெரிய ஆள்.

"ஐயா, என்ர மகள் என்னட்ட ஒண்டு கேட்டவள். அதை இஞ்ச சொல்லாட்டி எனக்கு நித்திரை வராது. நாங்கள் வெட்டேக்க ஒரு ஆள் தண்ணிக்க நிண்டது தெரிஞ்சது. மழைக்க சரியா முகம் தெரியேல்லை. எங்களைப் பாத்துக் கையைக் காட்டினவர். வெட்டுங்கோ எண்டு சொல்லுறார் எண்டு நினைச்சம். பொறுங்கோ எண்டாக்கும் காட்டினது. போய்க் கேட்டிருக்கலாம். மழை, நெல்லும் தாழுது, அவசரம். நாங்கள் கேக்கேல்லை."

அப்போது எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா எழும்பினா. யாரும் மறிக்கவில்லை.

"ஒரு ஆளோ?" என்று கேட்டா. "ரெண்டு பேர் நிக்கேல்லையோ?"

"ஓராள்தான் தாயே," என்றார் அப்புத்துரை. "தனியத்தான் நிண்டவர்."

அம்மா திரும்பி, பின்வரிசையில் இருந்த அண்ணாவைப் பார்த்தா. அண்ணா எழும்பி வெளியே போய்விட்டார்.

ஏப்ரல் 27

அம்மா அண்ணாவின் உடுப்புகளை ஒரு பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டா. அண்ணா வந்து எடுத்துக்கொண்டு வாடிக்குப் போனார். கடலுக்குள் போகவில்லை. பின்னேரம் போய் ஒளித்து நின்று பார்த்தேன். நாளைக்கும் போவேன்.

மே 9

சந்தையில் எனக்கு மீன் தர மறுத்தார்கள். "வயல்காரரிட்டப் போய் நெல்லு வாங்கிச் சாப்பிடன்." மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும்.

மே 15

கௌசலா நன்றி சொல்ல வந்தா. வேண்டாம் என்றேன்.

"உம்மட அப்பாவுக்காக நான் ஒண்டும் செய்யேல்லை. அவரை நான் மன்னிக்கவும் இல்லை."

"தெரியும்," என்றா. "நானும் உம்மை மன்னிக்கேல்லை. அண்டைக்கு நான் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போகேக்க நீர் பஸ்ஸுக்குள்ள இருந்து சிரிச்சனீர். கண்டனான்."

நான் சிரித்தேனா? சிரித்திருப்பேன்.

ஆகஸ்ட் 3

திருட்டுத்தனமாக இரவில் வெட்டினார்கள் என்ற வழக்குத் தள்ளுபடி. கவனக்குறைவு என்று வேறொன்று போட்டார்கள். அப்புத்துரை குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒத்திவைத்த சிறைத்தண்டனை. கமக்காரர் அமைப்பிலிருந்தும் விலகிவிட்டாராம். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

செப்டெம்பர் 19

தயாபரன் சேர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார், கௌசலாவுக்கு இடமாற்றம் தரலாம், உங்களுக்கு நிம்மதியாக இருக்குமா என்று.

மற்ற ஐந்து கருவிகளின் பழைய தரவுகள் அப்படியே கிடக்கின்றன. எல்லாவற்றையும் மாற்றவேண்டும். எந்தக் கருவிக்கு எந்த மணிக்கூடு வைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? "வேண்டாம் சேர்," என்றேன். "அவா இருக்கட்டும்."

பின்னேரம் அழுத்தத்தை ஆழமாக மாற்றும் இடத்தில் அவாவோடு பெரிய சண்டை. இருவரும் ஆளையாள் முட்டாள் என்றோம். அவா சொன்னதுதான் சரி. அதை நான் நாளைக்குச் சொல்வேன்.

நவம்பர் 27

களப்பு நிரம்பிவிட்டது. இன்றைக்கு வெட்டினார்கள். விடிந்து, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு.

இந்த வருடம், வெட்டுவதற்கு முன்னம் தண்ணீருக்குள் ஒருவரும் இல்லை என்று பார்த்துச் சொல்ல எங்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வேண்டும் என்று மாவட்டக் கச்சேரியில் அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். சங்கத்தில் ஒருவரும் முன்வரவில்லையாம், வயல்காரரோடு சேர்ந்து நிற்க. றொனால்ட் அண்ணா போய்ப் பெயர் கொடுத்திருக்கிறார். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை, அங்கே போய்த்தான் கண்டேன். அம்மா தானும் வாறன் என்று வெளிக்கிட்டபோது நான் மறித்தேன். கேட்கவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணா கரை நீளத்துக்கு நடந்து, வலை போட்டிருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிந்திய ஒரு கிழவருக்கு, சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கி வலையைத் தூக்கிக் கொடுத்தார். அவர்களில் பாதிப் பேர் இன்னும் அவரோடு பேசுவதில்லை. பேசாமலே வலையை வாங்கிக்கொண்டு கரையேறினார்கள். பெக்கோ இயந்திரத்தை ஓடவிட்டபடி காத்து நின்றது. ஓட்டுநர் இரண்டு முறை ஹோன் அடித்தார். அண்ணா திரும்பவே இல்லை. எல்லோரும் ஏறிய பிறகும் இன்னொருமுறை கரையின் அந்தம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இனி வெட்டுங்கோ," என்றார்.

திரும்பி வரும்போது எங்களைக் கண்டார். நின்றார். அவருக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எங்களைச் சுற்றிக்கொண்டு வாடிப் பக்கம் நடந்தார். நனைந்த முதுகு, அப்பாவின் முதுகு போலவே.

அம்மா அவர் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு மணலைத் தட்டிவிட்டுக் குடையை என் கையில் தந்தா.

"நீ போய் உலையை வை. கூட ஒரு சுண்டு அரிசி போடு. நான் மீன் வாங்கிக்கொண்டு வாறன், வீட்டில கிடக்கிறது மூண்டு பேருக்குக் காணாது."